அப்பாவின் ஹொண்டா சி70 காலையில் பிடிக்க மறுக்கிறது: ரிங் போய்விட்டது என்கிறார்கள், நம்பலாமா?

கிரவல் பாதை (மல்லாவி)

வணக்கம். அப்பாவின் ஹொண்டா சி70 என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. எழுபதுகளின் கடைசிக் கால மாடல்; 6 வோல்ட், பொயின்ற் (பொறிக்காக மின்சாரத்தை வெட்டிவிடும் சின்னச் சுவிட்ச்) வைத்தது, உதைத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். 1995 இடப்பெயர்வில் கிளாலியில் வள்ளம் ஏறி வன்னிக்கு வந்த வண்டி. 2002இல் ஏ9 பாதை திறந்ததும் அத்தை வீட்டுத் தேவைக்கென்று வவுனியாவுக்குப் போனது. கொஞ்சக் காலம் ஓடியபின் அங்கேயே பத்தியில் சாத்திவைத்துவிட்டார்கள். முள்ளிவாய்க்கால்வரை போகாததால் தப்பியது.

இப்போது காலையில் இயந்திரம் லேசில் பிடிக்காது. சோக்கை இழுத்துவிட்டு வியர்வை வழிய உதைத்தால் எப்போதாவது ஓர் இருமல் இருமும், அவ்வளவுதான். பிளக்கைக் கழற்றி ஓட்டைக்குள் சில துளி பெற்றோல் விட்டால் பிடித்துவிடுகிறது. பிடித்தபின் ஓடும், ஆனால் பலமில்லை. பின்னால் ஓர் ஆளை ஏற்றினால் மதகு ஏற்றத்துக்கே இரண்டாம் கியர் கேட்கிறது. கடையில் நிறுத்திச் சாமான் வாங்கிக்கொண்டு வந்து உதைத்தாலும் முரண்டுதான்.

புதுப் பிளக் போட்டேன். தாங்கியைக் கழுவிப் புதுப் பெற்றோல் விட்டேன். எயார் பில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தேன். அதற்குள் இருந்த செம்மண்ணில் மரவள்ளி நட்டிருக்கலாம். ஒரு கராஜில் காட்டினேன். சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் போய்விட்டது, சிலிண்டரைக் கடைந்து போர் அடித்துப் பிஸ்டன் மாற்ற வேண்டும் என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார்கள். கழற்றிப் பார்க்காமல் சொன்னது மனதுக்கு ஒப்பவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

வான்கதவு (கிளிநொச்சி)

முதலில் பெற்றறியைப் பாருங்கள் தம்பி. இத்தனை வருடம் நின்ற வண்டியில் 6 வோல்ட் பெற்றறி உயிரோடு இருக்காது. பெற்றறி இல்லாமல் பொறி எங்கிருந்து வரும்?

என்னைக் கேட்டால் இந்தப் பொயின்ற், கொண்டென்சர் எல்லாவற்றையும் கழற்றி வீசிவிட்டு 12 வோல்ட், பொயின்ற் இல்லாத சிடிஐ என்று மாறிவிடுங்கள். இன்னும் துணிந்தால் சீன இயந்திரம் ஒன்றையே அந்தச் சட்டத்தில் ஏற்றிவிடலாம். ஏன் காலோடு சண்டை?

பீலர் கேஜ் (இலண்டன், ஊர் முள்ளியவளை)

வான்கதவு அண்ணா, சி70க்கு அது பொருந்தாது. இதில் பொறிக்கான மின்சாரம் பிளைவீலுக்குள் இருக்கும் மக்னெற்றிலிருந்து நேராக வருகிறது. பெற்றறியைக் கழற்றிக் கிணற்றில் போட்டாலும் இயந்திரம் ஓடும். ஹோன், சிக்னல் போன்றவைதான் வேலை செய்யாது. நீங்கள் சொல்வது அந்தக் காலத்துச் சி90க்குச் சரி. அதில் பொயின்ற் சிலிண்டர் ஹெட்டில் இருக்கும், மின்சாரம் பெற்றறி வழியாகக் கொயிலுக்குப் போகும். வெளியே பார்க்க இரண்டும் உடன்பிறப்புப் போல இருப்பதால் பலரும் குழம்புகிறார்கள்.

கிரவல் பாதை, கையேட்டின் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பொயின்ற் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7. டப்பெற், அதாவது வால்வு இடைவெளி, உள்ளுக்கும் வெளிக்கும் 0.05, அதுவும் இயந்திரம் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது. ரிங் கதையை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள்.

சாளிக்காரி (நெடுங்கேணி)

என் ஹொண்டா சாளியும் இதே படுத்த சிலிண்டர் குடும்பம்தான். இருபது வருடமாக நானே பார்த்துக்கொள்கிறேன், ஆகையால் வாய் திறக்க உரிமை உண்டு.

பத்தியில் நின்ற வண்டி என்றால் முதலில் தாங்கியின் மூடியைப் பாருங்கள். அதில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருக்கும். நம் பக்கத்துக் குளவிக்கு அப்படியொரு துளை கண்டால் போதும், மண் கொண்டுவந்து வீடு கட்டிவிடும். துளை அடைத்தால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெற்றோல் இறங்காது. மூடியைத் தளர்த்திவிட்டு உதைத்துப் பாருங்கள். சைலன்சர் வாயிலும் ஒரு கம்பி விட்டுப் பாருங்கள். என்னுடையதிலிருந்து ஒருமுறை குளவிக்கூடு மட்டுமல்ல, கூட்டுக்குள் அடைபட்டிருந்த புழுக்களும் வந்தன.

அடுத்தது, நன்றாக உதைத்த உடனே பிளக்கைக் கழற்றி அது ஈரமா காய்ந்ததா என்று சொல்லுங்கள். காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. ஈரமாக இருந்தால் பெற்றோல் வருகிறது, பற்றத்தான் மாட்டேன் என்கிறது. இதைச் சொல்லாமல் எவ்வளவு கதைத்தாலும் வீண்.

கிரவல் பாதை (மல்லாவி)

அக்கா, மூடியின் துளை அடைத்துத்தான் இருந்தது! ஊசியால் குத்தி எடுத்தேன். சைலன்சர் சுத்தம். ஆனால் நிலைமை மாறவில்லை.

பிளக் ஈரம். ஈரம் மட்டுமல்ல, புதுப் பிளக் அதற்குள் கரி பூசியதுபோலக் கறுத்துவிட்டது.

பழைய கராஜ் (புதுக்குடியிருப்பு)

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

ஒன்று, பொறியின் நிறம். பிளக்கை மூடியோடு சேர்த்து ஹெட்டில் சாய்த்துவைத்து உதையும். பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், அங்கிருந்து பெற்றோல் ஆவி வரும், முகம் கருகும். நீலமாகச் சடார் என்று அடிக்கிறதா, மஞ்சளாக மெல்லியதாக வருகிறதா?

இரண்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தும். ஓரிடத்தில் தடுக்க வேண்டும். அந்தத் தடுப்பு நிற்கிறதா, கை அழுத்த அழுத்த வழுக்கிக்கொண்டு போகிறதா?

மூன்று, இந்த வண்டி தொண்ணூறுகளின் பெற்றோல் தடைக்காலத்தில் ஓடியதா?

கிரவல் பாதை (மல்லாவி)

ஐயா, பொறி மஞ்சள். வெயிலில் தெரியவேயில்லை; பின்னேரம் இருட்டியபின் பார்த்தேன். கிக்கர் தடுக்கிறது, ஆனால் பலமாக இல்லை, கையாலேயே கடந்துவிடுகிறது. தடைக்காலத்தில் அப்பா இதில்தான் மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்கும் போய்வந்தார் என்று அம்மா சொல்கிறார். ஏன் கேட்கிறீர்கள்?

பழைய கராஜ் (புதுக்குடியிருப்பு)

மூன்றாவதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பொறியைச் சரிசெய்யும். மஞ்சள் பொறி வெளிக்காற்றில் தாண்டும்; சிலிண்டருக்குள் அமுக்கம் ஏறியதும் தாண்டாது. பொயின்ற்றையும் கொண்டென்சரையும் பாரும். பிளைவீலை இழுத்துக் கழற்றும் புல்லர் வேண்டும். சுத்தியலால் அடித்தீரோ, கிராங் வளையும், பிறகு என்னிடம் வர வேண்டாம்.

பீலர் கேஜ் (இலண்டன், ஊர் முள்ளியவளை)

ஐயா சொன்னதற்குக் காரணத்தையும் சேர்த்துவிடுகிறேன். பொயின்ற் திறக்கும் கணத்தில் கொயிலில் ஓடும் மின்சாரம் சட்டென்று நிற்க வேண்டும். எவ்வளவு சட்டென்று நிற்கிறதோ அவ்வளவு உயர்ந்த வோல்ட் பிளக்கில் பிறக்கும். கொண்டென்சர் இல்லாவிட்டால் மின்சாரம் நிற்காமல் பொயின்ற்றின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும். அந்தக் குதிப்பில் பொயின்ற்றின் முகம் எரிந்து, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாகும். பிளக்குக்கு மிஞ்சுவது மஞ்சள் பொறி. பழைய கொண்டென்சரின் உள்ளே சுருட்டிய தாளும் தகடும்தான். இத்தனை மாரியைக் கண்ட தாளுக்குள் ஈரம் போகாமல் இருந்தால்தான் அதிசயம்.

பொயின்ற்றின் இடைவெளியைப் பார்க்கப் பிளைவீலைக் கழற்றத் தேவையில்லை, அதிலுள்ள சாளரத்தினூடே இடைவெளி அளக்கும் தகட்டுக் கேஜை விடலாம். கொண்டென்சர் மாற்றத்தான் கழற்ற வேண்டும்.

ஓமந்தைச் சந்தி (வவுனியா)

பொயின்ற், கொண்டென்சர் இரண்டும் வவுனியா உதிரிப்பாகக் கடைகளில் இன்னும் தேடினால் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: பெட்டி பழுப்பேறிய "அசல் ஜப்பான்" சரக்கு என்று கூடுதல் விலை சொல்வார்கள். பொயின்ற் என்றால் வாங்கலாம். கொண்டென்சர் என்றால் வேண்டாம். அலுமாரியில் கிடந்தாலும் அதற்கு வயது போகும். புதிதாகச் செய்ததே மேல். புல்லர் என்னிடம் இருக்கிறது, இந்தப் பக்கம் வந்தால் வாங்கிப்போய்த் திருப்பித் தாருங்கள்.

வான்கதவு (கிளிநொச்சி)

வண்டிக்குப் புத்தகம் இருக்கிறதா? இடப்பெயர்வில் பதிவுப் புத்தகம் தொலைந்த வண்டியை எவ்வளவு திருத்தினாலும் வீதியில் ஏற்ற முடியாதே. என் மாமாவின் ஹொண்டா எம்டி90 அந்த ஒரு காரணத்தாலேயே வீட்டில் நிற்கிறது.

மட்டுறுத்துநர்

பதிவுப் புத்தகம், வரி அனுமதிப்பத்திரம் பற்றித் தனி இழை இருக்கிறது. இங்கே இயந்திரத்தோடு நிற்போம்.

கிரவல் பாதை (மல்லாவி)

ஓமந்தை அண்ணாவின் புல்லருக்கு நன்றி. பீலர் கேஜ் சொன்னதுபோலவே பொயின்ற்றில் ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மேடு. இரண்டையும் மாற்றினேன். பொறி இப்போது நீலம், சத்தமும் கேட்கிறது.

முன்னேற்றம் உண்டு: துளி பெற்றோல் விடாமலே காலையில் பிடிக்கிறது. ஆனால் இன்னும் நிறைய உதைக்க வேண்டியிருக்கிறது. பலக்குறைவு அப்படியே. பிளக் மறுபடி கறுக்கிறது.

ஒன்று விசித்திரமாக இருந்தது. பழைய பொயின்ற்றின் இடைவெளி மிகக் குறுகியிருந்தது, 0.2 கேஜே இறுக்கமாகத்தான் போனது. தேய்ந்து குறுகியதா, யாராவது அப்படி வைத்தார்களா தெரியவில்லை. இப்போது 0.35 வைத்திருக்கிறேன்.

பழைய கராஜ் (புதுக்குடியிருப்பு)

வைத்தார்கள். தேய்ந்தது இல்லை.

இப்போது மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

1990க்குப் பிறகு வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பெற்றோல் வரவில்லை, தடை. களவாக வந்தது தங்க விலை. மண்ணெண்ணெய்தான் கொஞ்சமாவது கிடைத்தது. ஆகவே எல்லா மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பற்றாது. அதற்குச் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் எல்லாரிடமும் இருக்கும். காபரேற்றர் வாய்க்குள் ஒரு பீச்சு, ஓர் உதை. பிடித்ததும் சூடேறும்வரை திருகிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சூடேறினால் மண்ணெண்ணெயை ஏற்றுக்கொள்ளும். வீதியெல்லாம் வெள்ளைப் புகை, குசினி மணம்.

ஆனால் மண்ணெண்ணெய்க்கு இன்னொரு குணம் உண்டு. அமுக்கத்தைத் தாங்காது. பெற்றோலுக்கென்று செய்த இயந்திரத்தில் அது பொறி வருமுன்னே, பொறிக்குப் பின்னே என்று தன் எண்ணத்துக்கு வெடிக்கும். இயந்திரம் உள்ளிருந்து சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டும். பிஸ்டன் உடையும். அதற்கு நாங்கள் செய்த வைத்தியம்: ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே அடைப்பாக வைக்கும் காஸ்கெட், ஒன்றுக்கு இரண்டு. அமுக்கம் குறையும், தட்டாது. பொயின்ற்றைக் குறுக்கி வைப்போம், பொறி பிந்தும், தட்டாது. மண்ணெண்ணெய் கனம் என்பதால் காபரேற்றரில் எரிபொருள் வரும் ஓட்டையான மெயின் ஜெற்றைக் கம்பியால் கொஞ்சம் பெருப்பிப்போம்.

பாதை திறந்து பெற்றோல் வந்தது. எல்லாரும் மகிழ்ச்சியில் தாங்கியைக் கழுவிப் பெற்றோல் ஊற்றினார்கள். உள்ளே செய்ததை மாற்றியவர்கள் குறைவு. உம்முடைய பொயின்ற் குறுகி இருந்தது என்றீர். பிளக் கறுக்கிறது என்றீர். அமுக்கம் வழுக்குகிறது என்றீர். மூன்றும் ஒரே வேலையின் மூன்று பாகம். சிலிண்டரும் ஹெட்டும் சேரும் இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டுக் கிட்டவாகப் படம் எடுத்துப் போடும்.

சாளிக்காரி (நெடுங்கேணி)

ஐயா, அந்த மணம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. நிறுத்துமுன் கொஞ்சத் தூரம் பெற்றோலில் ஓடி நிறுத்த வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். இல்லாவிட்டால் காபரேற்றரின் கிண்ணம் நிறைய மண்ணெண்ணெய் நிற்கும், அடுத்த முறை பிடிக்கவே பிடிக்காது. திருமண வீட்டுக்குப் போய்விட்டு மறந்து நிறுத்தியவர்கள் சாறியோடு தள்ளிக்கொண்டு வந்ததைக் கண்டிருக்கிறேன்.

வான்கதவு (கிளிநொச்சி)

அப்படியென்றால் 2022இல் கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்தபோது நாங்கள் ஏன் இதைச் செய்யவில்லை? கைவசம் இருந்த வித்தையை மறந்துவிட்டோமா?

சாளிக்காரி (நெடுங்கேணி)

மறக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான் நின்றது. அந்த ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரேயடியாக ஏறியதையும் மறந்துவிட்டீர்களா? மீன்பிடிக்குப் போகிறவர்களே அல்லாடிய நேரம். அதோடு இப்போதைய வண்டிகள் பலவற்றுக்குக் காபரேற்றர் இல்லை, இன்ஜெக்சன். அவற்றுக்கு மண்ணெண்ணெய் கொடுத்தால் அடக்கச் செலவும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

கிரவல் பாதை (மல்லாவி)

படம் போட்டிருக்கிறேன். பொருத்தைச் சுற்றி ஒயில் கசிந்து புழுதி கெட்டியாகப் பிடித்திருந்தது. துடைத்தபின் எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

பழைய கராஜ் (புதுக்குடியிருப்பு)

படத்தைப் பெருப்பித்துப் பாரும். செப்பு நிறத்தில் ஒரு கோடு. அதற்குமேல் சாம்பல் நிறத்தில் இன்னொரு கோடு. சாம்பல் நிறம் கடைக் காஸ்கெட். செம்பு கையால் வெட்டியது. ஒயில் கசிவதும் அதனால்தான்: மேலே ஒயில் போகும் வழிக்கு ஒரு ரப்பர் வளையம் உண்டு, அதன் உயரம் ஒரு காஸ்கெட்டுக்கு அளவானது. இரண்டு வைத்தால் அது நசியாது, கசியும்.

பீலர் கேஜ் (இலண்டன், ஊர் முள்ளியவளை)

ஐயாவின் கண்ணுக்கு ஒரு கும்பிடு. ஆனாலும் ஹெட்டைக் கழற்றுமுன் அளந்துவிடுவது நல்லது. இரண்டு காஸ்கெட்டும் இருக்கலாம், ரிங்கும் தேய்ந்திருக்கலாம். திறந்தபின் மறுபடி திறப்பது வீண் செலவு. அமுக்கம் அளக்கும் கொம்பிரசன் கேஜ் ஒன்று இரவல் வாங்குங்கள். இயந்திரம் சூடாக, திரொட்டிலை முழுதாகத் திருகிப் பிடித்துக்கொண்டு, ஊசி மேலே ஏறாமல் நிற்கும்வரை உதையுங்கள். திரொட்டில் மூடியிருந்தால் உள்ளே காற்றுப் போகாது, நல்ல இயந்திரமும் நோயாளியாகத் தெரியும். சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தலுக்குமேல் வந்தால் நலம்.

அதன்பின் பிளக் ஓட்டையால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்கலாம். ஊசி ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வோ காஸ்கெட்டோ.

பழைய கராஜ் (புதுக்குடியிருப்பு)

ஒயில் விடும் சோதனை நின்ற சிலிண்டருக்கு. இது படுத்த சிலிண்டர். விட்ட ஒயில் கீழ்ப்பக்கத்தில் குட்டையாகத் தேங்கும், மேல்பக்கத்து ரிங்குக்கு எட்டாது. அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

பீலர் கேஜ் (இலண்டன், ஊர் முள்ளியவளை)

அது நியாயம். ஒயில் விட்டதும் கிக்கரைக் கையால் பல சுற்றுச் சுற்றிப் பரவவிட்டால் ஓரளவு பயன் இருக்கும் என்பது என் கருத்து. ஆனால் உறுதியான சாட்சியாக எடுக்க முடியாது.

இன்னொன்று தோன்றுகிறது. இதில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஹெட்டில் இருக்கிறது, செயின்தான் அதைச் சுற்றுகிறது. காஸ்கெட்டின் தடிப்பால் ஹெட் வெளியே தள்ளினால் இழுக்கும் பக்கத்துச் செயின் அவ்வளவுக்கு நீள வேண்டும். ஆகவே கேம் கொஞ்சம் பிந்தும். உள் வால்வு மூடுவதும் பிந்தும். மெதுவாக உதைக்கும் வேகத்தில், உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போய்விடும். அதாவது இரண்டாம் காஸ்கெட் இடத்தைப் பெருப்பித்து ஒருமுறை அமுக்கத்தைக் குறைக்கிறது, கேமைப் பிந்தவைத்து இன்னொருமுறை குறைக்கிறது. ஓடும்போது பெரிதாகத் தெரியாது, காலால் உதைக்கும்போதுதான் இது முழுதாகத் தாக்கும்.

பழைய கராஜ் (புதுக்குடியிருப்பு)

இது எனக்குத் தெரியாத கணக்கு. ஆனால் அந்தக் காலத்தில் இரண்டு காஸ்கெட் வைத்த வண்டி மூன்று காஸ்கெட் வைத்ததுபோல நடந்துகொண்டது உண்மை. ஏற்றுக்கொள்கிறேன்.

கிரவல் பாதை (மல்லாவி)

கேஜ் கிடைத்தது. 85 இறாத்தலுக்குமேல் ஊசி ஏறவில்லை. ஹெட்டைத் திறந்துவிட்டேன்.

ஐயா சொன்னதேதான். கீழே கையால் வெட்டிய செப்புத் தகடு, மேலே சாதாரண காஸ்கெட். செம்பை வெட்டியவர் யாரோ, ஓட்டைகள் எல்லாம் அரத்தால் உருட்டி அவ்வளவு வடிவாகச் செய்திருக்கிறார். பிஸ்டனின் தலையில் கெட்டிக் கரி. சிலிண்டர் சுவரில் கீறல் இல்லை. ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து முனை இடைவெளியை அளந்தேன், கையேட்டு எல்லைக்குள்தான். போர் அடிக்கச் சொன்ன கராஜுக்கு நான் திரும்பப் போகவில்லை.

வெளி வால்வின் இருக்கை புள்ளி புள்ளியாக இருந்தது. அரைக்கலாமா, மாற்ற வேண்டுமா?

பழைய கராஜ் (புதுக்குடியிருப்பு)

புள்ளி மட்டும் என்றால் அரையும். வால்வு பேஸ்ட் கொஞ்சம் தடவி, உறிஞ்சிக் குச்சியால் இரண்டு பக்கமும் மாறி மாறி உருட்டும். சுற்றிவர ஒரே அகலத்தில் சாம்பல் வளையம் வந்தால் போதும். பேஸ்ட் ஒரு பொட்டுக்கூட உள்ளே தங்கக் கூடாது. பூட்டியபின் வால்வு வாசலுக்குள் பெற்றோல் ஊற்றிப் பாரும், கசியாவிட்டால் முடிந்தது.

புதுக் காஸ்கெட் ஒன்று. ஒன்றே ஒன்று. ரப்பர் வளையங்களும் புதிது. நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கும். சில நட்டுகளுக்குச் செப்பு வாஷரும் மூடிய நட்டும் உண்டு, ஒயில் வழி அதனூடே போகிறது. எது எங்கே இருந்தது என்று கழற்றும்போதே குறித்திருப்பீர் என்று நம்புகிறேன்.

ஓமந்தைச் சந்தி (வவுனியா)

மெயின் ஜெற்றை மறக்காதீர்கள். கம்பியால் பெருப்பித்த ஜெற்றைத் திரும்பச் சிறிதாக்க முடியாது. அதன் முகத்திலுள்ள இலக்கம் இப்போது பொய். காபரேற்றரின் மாடலைச் சொல்லி அதற்குரிய இலக்கத்தில் புதிது கேளுங்கள். சிலோ ஜெற்றையும் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், வட்டமாக ஒளி தெரிய வேண்டும். பழைய பெற்றோல் வற்றி அதில் பிசின் படியும். காலையில் பிடிப்பதற்கும் மெதுவாக நின்று ஓடுவதற்கும் அந்தச் சின்ன ஓட்டைதான் பொறுப்பு. கம்பி விட வேண்டாம். கிளீனரில் ஊறவைத்துக் காற்று அடியுங்கள்.

வான்கதவு (கிளிநொச்சி)

எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு செலவும் அலைச்சலும் சேர்த்தால் சீன இயந்திரத்தின் விலை வந்திருக்காதா?

சாளிக்காரி (நெடுங்கேணி)

காஸ்கெட், வளையம், பொயின்ற், கொண்டென்சர், ஜெற். இதுவரை அவர் வாங்கியது இவ்வளவுதான் அண்ணா. கராஜ் கேட்ட போர், பிஸ்டன் செலவும் மிச்சம். சீன இயந்திரத்தின் விலையை நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

கிரவல் பாதை (மல்லாவி)

பூட்டி முடித்தேன். வால்வு இரண்டையும் அரைத்தேன், டப்பெற் 0.05. பொயின்ற்றை இடைவெளி மட்டும் பார்க்காமல் பொறி வர வேண்டிய இடத்தைக் காட்டும் பிளைவீலின் எஃப் குறியோடு சேர்த்து வைத்தேன். குறி நேருக்கு வரும் கணத்தில் திறக்கிறது. எஃப் போய், பிஸ்டன் உச்சியைக் காட்டும் டி நெருங்கும்போது திறந்தால் அது மண்ணெண்ணெய்க் காலத்து வைப்பு என்று இப்போது விளங்குகிறது. மெயின் ஜெற் புதிது, சிலோ ஜெற் பழையதே, சுத்தம் செய்தது. பழைய ஒயிலை வடித்தேன், மண்ணெண்ணெய் மணம் இல்லை.

அமுக்கம் 155. கிக்கரைக் கையால் அழுத்தினால் அந்த இடத்தில் நிற்கிறது, கடக்கவில்லை. சோக்கோடு காலையில் இரண்டாம் மூன்றாம் உதையில் பிடிக்கிறது. சூடாக இருந்தால் சாரத்தைப் பிடித்துக்கொண்டு செருப்புக் காலால் லேசாகத் தட்டினால் போதும். அம்மாவை ஏற்றிக்கொண்டு வட்டக்கச்சிவரை போய்வந்தேன், மதகில் மூன்றாம் கியரிலேயே ஏறியது. பிளக் இப்போது கபில நிறம்.

ஒரு சின்னக் குறை: சோக்கை முழுதாக எடுத்ததும் ஓரிரு நிமிடம் தடுமாறுகிறது.

ஓமந்தைச் சந்தி (வவுனியா)

எயார் ஸ்குரூவை முழுதாக மெதுவாக மூடி, அங்கிருந்து ஒன்றேகால் சுற்றுத் திறந்து தொடங்குங்கள். இயந்திரம் சூடானபின் இரு பக்கமும் கால் சுற்று அசைத்து, எங்கே வேகம் கூடுகிறதோ அங்கே விடுங்கள். அத்தோடு எயார் பில்டரைத் தட்டியது போதாது. அது தாள் என்றால் புதிதாக மாற்றுங்கள். கிரவல் வீதியில் ஓடுகிறவருக்கு அதை இரண்டு மாரிக்கு ஒருமுறை என்று விட முடியாது.

பழைய கராஜ் (புதுக்குடியிருப்பு)

காஸ்கெட் புதிது. கொஞ்சம் ஓடியபின் இயந்திரம் முழுதாகக் குளிர்ந்ததும் ஹெட் நட்டை மறுபடி இறுக்கும். டப்பெற்றையும் அப்போதே பாரும், அரைத்த வால்வு கொஞ்சம் உள்ளே இருந்து 0.05 குறைந்திருக்கும். அந்தச் செப்புக் காஸ்கெட்டை வீச வேண்டாம். நல்ல செம்பு, வாஷர் வெட்டலாம்.

வான்கதவு (கிளிநொச்சி)

ஐயா, என் மாமாவின் எம்டி90உம் தடைக்காலத்தில் ஓடியதுதான். புத்தகத்தை மற்ற இழையில் பார்த்துக்கொள்கிறேன். ஹெட்டைத் திறக்காமல் அதற்கும் இரண்டு காஸ்கெட் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

பழைய கராஜ் (புதுக்குடியிருப்பு)

பொருத்தைப் பெற்றோல் துணியால் துடைத்துவிட்டு ரோச் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்து நகத்தால் கோட்டை எண்ணும். நகத்துக்குத் தெரியாவிட்டால் பீலர் கேஜ் தம்பி சொன்னபடி அமுக்கம் அளவும். அதற்கு முன் தாங்கி மூடியின் துளையைப் பாரும், நெடுங்கேணித் தங்கச்சி சொன்ன குளவி கிளிநொச்சியிலும் உண்டு.